கதைச்சுருக்கம் வருகிறது, திறனாய்வு வரவில்லை: எப்படிப் பழக்குவது?

கேள்வி: என் மகள் தேவகோட்டையில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். விரிவானப் பகுதியில் வரும் சிறுகதையைச் சொல்லச் சொன்னால் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். ‘உன் பார்வையில் ஆராய்ந்து எழுது’ என்றால் மட்டும் ‘இக்கதை நல்ல கருத்தைக் கூறுகிறது’ என்பதோடு பேனாவை வைத்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மகளுக்குக் கதை நன்றாகப் புரிகிறது. முழுக் கதையைப் பற்றியும் ஒரே மூச்சில் கருத்துச் சொல்லப் பார்ப்பதுதான் சிக்கல். அப்படிப் பார்த்தால் யாருக்கும் ‘நல்ல கருத்து’ என்பதற்கு மேல் வராது. இரண்டு மூன்று வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டுக்கு நானே எழுதிய சில வரிகள்:

‘ரங்கூனிலிருந்து கடிதம் வந்தது. அப்பத்தா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் வளவில் வற்றல் காயப்போடும்போது, “எல்லாம் சுகம்னுதான் எழுதியிருக்கான்” என்றாள்.’

சுருக்கம் கேட்டால், ‘மகன் சுகமாக இருப்பதாக அப்பத்தா சொன்னாள்’ என்று முடிந்துவிடும். இப்போது மெதுவாகப் படியுங்கள். கடிதத்தைப் படித்ததாக எங்கும் இல்லை, பூட்டியதுதான் இருக்கிறது. சுகச் செய்தியை எதற்குப் பூட்ட வேண்டும்? ‘மறுநாள்’ என்ற சொல்லுக்குள் ஓர் இரவு முழுதும் போய்விட்டது. அந்த இரவை நமக்குக் காட்டவே இல்லை. அப்புறம் அந்தத் ‘தான்’. ‘சுகம்னு எழுதியிருக்கான்’ என்றால் அது வெறும் செய்தி. ‘சுகம்னுதான்’ என்னும்போது, யாருக்கோ இருக்கும் சந்தேகத்துக்கு அவள் பதில் சொல்கிறாள். அந்தச் சந்தேகம் அவளுக்கே இருக்கலாம்.

‘அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது’ என்று மகள் சொன்னால், ‘எந்த வரியில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ‘கொண்டுவிக்க’, அதாவது தொழில் செய்யப் போனதும், பெண்கள் இங்கே வீட்டை நடத்தியதும் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும், பலர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பியதும் தெரிந்திருக்கும். இந்த அறிவு கதைக்குள் நுழைய உதவும், சரி. ஆனால் என் வரிகளில் ஆண்டே இல்லை. ‘போர்க்காலக் கடிதம்’ என்று எழுதினால் அது நாம் கொண்டுவந்து வைத்தது. கதையில் வேறெங்காவது சான்று கிடைத்தால் தாராளமாக எழுதட்டும்.

கதையோடு மாறுபடவும் பழக்குங்கள். அச்சில் வந்ததைக் கேள்வி கேட்கப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். கதை சொல்பவர் யாருக்கு ‘வந்தார்’ போடுகிறார், யாருக்கு ‘வந்தான்’, ‘வந்தாள்’ போடுகிறார் என்று பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். முதலாளி ‘வந்தார்’, அவர் வயதே உள்ள சமையல்காரர் ‘வந்தான்’ என்றிருந்தால், அது பாத்திரத்தின் பார்வையா, கதை சொல்பவரின் பார்வையா? என் வரிகளிலேயே அப்பத்தா யாரிடம் பேசினாள் என்பது இல்லை. கூட வற்றல் காயப்போட்டது மருமகளா, வேலைக்கு வந்த பெண்ணா? கேட்டவள் என்ன நினைத்தாள்? இப்படி விடுபட்டவர்களைத் தேடுவது திறனாய்வின் பெரிய பகுதி.

காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். ஒரு பாட்டை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்துப் பேசுவதைக் கேட்க அங்கே நல்ல வாய்ப்பு. கம்பன் விழாவுக்கு மகளைக் கூட்டிப்போங்கள். பட்டிமன்றப் பாணி மட்டும் எழுத்தில் வேண்டாம். அங்கே முதலில் கட்சி கட்டிவிட்டுப் பிறகு சான்று தேடுவார்கள். கதையில் வரியிலிருந்துதான் கருத்துக்குப் போக வேண்டும்.

எழுதும்போதும் அதே வரிசைதான். ஒரு வரியை எடுத்து எழுதி, அதில் எந்தச் சொல் தன்னை நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று சொன்ன பிறகு கருத்துக்கு வரட்டும். வாரத்துக்கு ஒரு பத்தி போதும். நோட்ஸை அவள் எழுதி முடித்த பிறகு கொடுங்கள். முன்னாலேயே படித்துவிட்டால் அதில் இருப்பது மட்டும்தான் கதையிலும் கண்ணில் படும்.