யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சானும் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டுமா?

கேள்வி: ஐயா, லண்டன் ஹரோவில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். லிமிட்டெட் கம்பனி. பங்குகளில் எனக்கு 40 சதவீதம், மனைவிக்கு 30, அவரின் தம்பிக்கு 30. மச்சான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். கடை தொடங்கக் காசு தந்தவர் என்பதால் அவரையும் பெயருக்கு டிரெக்டராகப் போட்டோம். மனைவி டிரெக்டர் இல்லை. இப்போது டிரெக்டர்கள் எல்லோரும் கம்பனிகளைப் பதியும் அரச அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸில் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறார்கள். எங்கள் கணக்காளர், எல்லோருடைய பாஸ்போட்டையும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நான் முடித்துத் தருகிறேன் என்கிறார். மச்சானுக்காக நானே என் போனில் செய்துவிடலாமா? எங்கள் வருடாந்தப் பத்திரத்தின் திகதி ஜூன் 10.

பதில்: செய்யக்கூடாது. ஒருவருடைய அடையாளத்தை இன்னொருவர் தன் போனில் உறுதிப்படுத்துவது உதவி அல்ல, பொய்த் தகவல் கொடுப்பது. உங்கள் கடையையே அது ஆபத்தில் தள்ளிவிடும்.

2023-ஆம் ஆண்டின் பொருளாதாரக் குற்றங்கள் மற்றும் கம்பனி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வந்த மாற்றம் இது. முன்பு கம்பனீஸ் ஹவுஸ் நாங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே பதிந்துவிடும். இல்லாத ஆட்களின் பெயரில்கூடக் கம்பனிகள் பதிவாகின. 2025 நவம்பர் 18 முதல் புதிய டிரெக்டர் எவரும் அடையாளத்தை உறுதிப்படுத்திய பிறகே பதவி ஏற்கலாம். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அந்த நாளிலிருந்து ஒரு வருட இடைக்காலம் உண்டு. ஆனால் உங்களுக்கு முழு வருடம் இல்லை. அந்த இடைவெளிக்குள் வரும் வருடாந்தப் பத்திரத்தோடு, அதாவது கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மெண்டோடு, அடையாளத்தை உறுதிப்படுத்தியதும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தனிக் குறியீட்டை, டிரெக்டர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். திகதி ஜூன் 10 என்றால் கடைசி நாள் ஜூன் 24. மச்சானின் குறியீடு இல்லாமல் பத்திரம் போகாது. பத்திரம் போகாவிட்டால் குற்றம், அது நீண்டால் கம்பனியைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். நீக்கப்பட்ட கம்பனியின் வங்கிக் காசு அரசுக்குப் போய்ச் சேரும். பலர் அறியாத விடயம் இது.

நீங்களும் மச்சானும் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பதால், டிரெக்டர் என்பதோடு கட்டுப்பாட்டாளர் (பி.எஸ்.சி.) என்ற வகையிலும் அதே குறியீட்டைத் தனியாகப் பதிய வேண்டும். அதற்கும் ஜூன் 11 முதல் 24 வரைதான். மனைவியை மறந்துவிடாதீர்கள். அவர் டிரெக்டர் இல்லை, ஆனால் 30 சதவீதம் அவரையும் கட்டுப்பாட்டாளர் ஆக்குகிறது. அவருக்கான கெடு வேறு: பதிவேட்டில் உள்ள அவர் பிறந்த மாதத்தின் முதல் 14 நாட்கள். செப்டெம்பர் 22-இல் பிறந்தவர் என்றால் செப்டெம்பர் 1 முதல் 14 வரை.

உறுதிப்படுத்துவது கடினம் இல்லை, நேரடியாகச் செய்தால் கட்டணமும் இல்லை. அரசின் வன் லொகின் செயலியில் சிப் உள்ள பாஸ்போட்டையும் முகத்தையும் காட்டினால் போதும். முடிந்ததும் 11 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு வரும். அது ஆளுக்குரியது, கம்பனிக்குரியது அல்ல. நாளை வேறு கம்பனியில் சேர்ந்தாலும் அதே குறியீடுதான். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். பாஸ்போட்டில் தந்தை பெயர் ஒரு இடத்தில், பதிவேட்டில் இன்னொரு இடத்தில். உங்கள் மனைவியைக் கட்டுப்பாட்டாளராகப் பதியும்போது உங்கள் பெயரைப் பின்னால் சேர்த்திருப்பீர்கள், பாஸ்போட்டிலோ அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும். கம்பனீஸ் ஹவுஸ் இணையத்தளத்தில் உங்கள் கம்பனிப் பெயரை அடித்தால் பதிவேட்டில் உள்ள பெயர்கள் எல்லோருக்கும் இலவசமாகத் தெரியும். இன்றிரவே மூன்று பாஸ்போட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டில் டிரெக்டரின் பெயர் பிழை என்றால் சி.எச்.01 படிவம், கட்டுப்பாட்டாளரின் பெயர் பிழை என்றால் பி.எஸ்.சி.04 படிவம். இதை முதலில் திருத்தினால் ஜூன் மாதத்தில் அந்தரப்பட வேண்டாம்.

மச்சானின் பாஸ்போட் அட்டையில் நடுவில் வட்டமுள்ள சிறிய செவ்வகச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தே அவர் தன் போனில் செய்யலாம். இல்லையென்றால் ஏ.சி.எஸ்.பி. எனப்படும் பதிவு பெற்ற முகவர் மூலம் செய்ய வேண்டும். உங்கள் கணக்காளர் அப்படிப் பதிந்தவரா என்று நேராகக் கேளுங்கள். பதிந்தவர் என்றாலும் வட்ஸ்அப் படத்தை வைத்து உறுதிப்படுத்த அவருக்கு உரிமை இல்லை: ஆவணத்தை நேரில் பார்க்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள தொழில்நுட்பத்தால் சோதிக்க வேண்டும். படத்தை மட்டும் கேட்பவரிடம் கவனமாக இருங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பெயருக்கு டிரெக்டர் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஒருவர் இல்லை. 2006-ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் கடமைகள் கடைக்கே வராத மச்சானுக்கும் முழுதாக உண்டு. கம்பனி கடனில் விழுந்து விசாரணை வந்தால் அவருக்கும் 15 வருடம்வரை டிரெக்டர் தடை விதிக்கலாம். காசு தந்த மனிதரை அந்த நிலையில் வைப்பது நியாயமா என்று வீட்டில் பேசுங்கள். அவர் டி.எம்.01 படிவம் மூலம் பதவி விலகலாம், 30 சதவீதப் பங்கு அவருடையதாகவே இருக்கும். ஆனால் பங்கு இருக்கும்வரை கட்டுப்பாட்டாளர் என்பதால் அடையாளத்தை எப்படியும் உறுதிப்படுத்தத்தான் வேண்டும், கெடு மட்டும் மாறும். அதிலிருந்து தப்புவதற்காகப் பங்கைக் கடதாசியில் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, உள்ளே அவருடையதுதான் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மறைத்து வைத்த உரிமையைத்தான் இந்தச் சட்டம் தேடுகிறது. பின்னாளில் குடும்பத்துக்குள் தகராறு வந்தால் அவருடைய காசுக்கு ஆதாரமும் இருக்காது.

கம்பனியின் பதிவு முகவரியையும் பாருங்கள். 2024 மார்ச் 4 முதல் தபால் பெட்டி எண் செல்லாது. கடிதம் உங்கள் கையில் சேரும் உண்மையான முகவரியாக இருக்க வேண்டும். பழைய கணக்காளரின் முகவரி இன்னும் இருந்தால் ஏ.டி.01 படிவம் மூலம் மாற்றுங்கள். வருடாந்தப் பத்திரத்தின் இணையக் கட்டணமும் 2026 பெப்ரவரி 1 முதல் 34 பவுணிலிருந்து 50 ஆகிவிட்டது.

மச்சான் விலகுவதாக முடிவெடுத்தால், டி.எம்.01 அனுப்ப முன் கம்பனியின் ஆர்ட்டிகிள்ஸை, அதாவது அதன் உள்விதிகளை, எனக்கு அனுப்பி வையுங்கள். சிலவற்றில் குறைந்தது இரண்டு டிரெக்டர்கள் வேண்டும் என்று இருக்கும். உங்களுடையதில் அப்படி இருந்தால் மனைவியை டிரெக்டராக்க வேண்டி வரலாம், அப்போது அவர் தன் பிறந்த மாதம்வரை காத்திருக்க முடியாது, முதலிலேயே உறுதிப்படுத்தியிருக்க வேண்டும்.