அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டும் அவிழ்த்தாயிற்று. கல்சியம் குளிசை மட்டும் போதுமா?

முள்ளியவளையில் இருக்கும் அம்மாவுக்கு 57 வயது, முற்றத்தில் தடக்கி விழுந்து கை முறிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிசை மட்டும் போதாது. ஏன் முறிந்தது என்று பார்க்க வேண்டும்.

மரத்தால் விழுந்து முறிவது வேறு. மாதவிடாய் நின்ற ஒரு பெண், நின்ற நிலையில் தடக்கி விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால், அந்த எலும்பு ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடும். என் மாமிக்கும் முதலில் மணிக்கட்டுத்தான். பரம்பரை வைத்தியர் கட்டினார், கை நன்றாகப் பொருந்தியது, மாமி திரும்ப வயலுக்கும் போனா. சில வருடம் கழித்துக் கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "இதுக்கு முதல் எங்கையும் முறிஞ்சதோ?" என்றுதான். கை முறிந்தபோதே இதை யாராவது கேட்டிருந்தால் என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

பழைய எலும்பு கரைவதும் புதிது சேர்வதும் உடம்பில் எப்போதும் நடப்பவை. கரைவதைக் கட்டுக்குள் வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன். மாதவிடாய் நின்றதும் அது குறைய, முதல் 5 முதல் 7 வருடங்களுக்குள் எலும்பின் அடர்த்தியில் 20 வீதம் வரை போய்விடலாம். முறியும்வரை நோ தெரியாது. "நாத்து நட்ட உடம்பு, எங்களுக்கு என்ன வரப்போகுது" என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். உழைப்பு எலும்புக்கு நல்லதுதான், ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்த இடத்தை அது முழுதாக நிரப்பாது. 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், சூலகம் எடுத்தவர்களும், முட்டு இழுப்புக்கோ வாதத்துக்கோ பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை மாதக்கணக்கில் குடித்தவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: முன்பு எட்டிய தட்டு இப்போது எட்டுகிறதா? உயரம் குறைவதும் கூன் விழுவதும் முள்ளந்தண்டு எலும்பு நசிந்ததன் அடையாளமாக இருக்கலாம். நாரிப்பிடிப்பு, வயசு என்று எண்ணெய் பூசிக்கொண்டே இருந்துவிடுவார்கள்.

எலும்பு கிளினிக்கில், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அதில் டி ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிடும் அளவு) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்பு நலிவு என்று கொள்வார்கள். சாதாரண எக்ஸ்றேயில் நிறைய எலும்பு போன பிறகுதான் தெரியும். ஸ்கேன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. தூரமென்றால் அதற்காக ஒத்திப்போடாதீர்கள். வயது, எடை, பழைய முறிவு, குடித்த மருந்து ஆகியவற்றை வைத்து ஃபிராக்ஸ் என்ற கணக்கில் டொக்டர் ஆபத்தை மதிப்பிடலாம். பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அம்மா போனால் அங்கும் இந்த முறிவைச் சொல்லச் சொல்லுங்கள். பிரஷரும் சீனியும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டால், எலும்பைப் பற்றி நாங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

50 தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, எள்ளு, முருங்கையிலை, குரக்கன் எல்லாம் ஊரிலேயே இருக்கின்றன. 100 கிராம் குரக்கனில் மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. சாப்பாட்டால் வராத மிச்சத்துக்குத்தான் குளிசை.

எலும்பு நலிவு உறுதியானால் பெரும்பாலும் எலும்பு கரைவதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் குளிசை கொடுப்பார்கள், வாரத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமலும் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமலும் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம், வேறெதுவும் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வன்னியில் சிறுநீரக நோயாளிகள் பலர் இருப்பதால் இதையும் சொல்கிறேன்: சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. தொடங்கும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய குளிசையை வாங்கி அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.