குதிரையின் வாய்க்குள் போவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜூலையில் குடும்பத்துடன் ஐஸ்லாந்து செல்கிறோம். வாடகைக் கார் எடுத்து, தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலையில் பயணம் செய்வதாகத் திட்டம். வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்று குழப்பமாக இருக்கிறது. நீங்கள் அங்கே சென்றவர் என்பதால் கேட்கிறேன். என் மகளுக்குக் குதிரை என்றால் உயிர். சாலையோர வேலியருகே நின்று குதிரைக்கு ரொட்டி கொடுக்கும் படங்களை நண்பர்கள் அனுப்பியிருந்தார்கள். பின்னால் எரிமலை தெரியும்படி அப்படிப் படமெடுக்க எந்த இடம் சிறந்தது? அந்தக் குளிரிலும் குதிரைகளை வெட்டவெளியில் விட்டுவைக்கிறார்களாமே, அது கொடுமையில்லையா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் 1783ஆம் ஆண்டின் ஐஸ்லாந்துக் குதிரைகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் சாலை ஒன்றுதான். கிளம்பும் நாளின் வானிலையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். குளிரைப் பற்றிய கவலையும் வேண்டாம். அந்தக் குதிரைகளுக்குக் குளிர்காலத்தில் இரண்டு அடுக்காக மயிர் வளர்கிறது. தீவனமும் காற்றுக்கு ஒரு மறைப்பும் இருந்தால் அவை வெளியில் நலமாகவே இருக்கும்.

ஆனால் குதிரை முன்னால், எரிமலை பின்னால், நடுவில் ஒரு ரொட்டித் துண்டு என்று நீங்கள் கேட்டிருப்பதை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

1783 ஜூன் 8 அன்று, தீவின் தெற்கே லாக்கி மலையின் இருபுறமும் நிலம் பிளந்தது. சுமார் 27 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பிளவில் நூற்றுக்கும் மேற்பட்ட வாய்கள் திறந்து, மறு ஆண்டு பிப்ரவரி வரை நெருப்புக் குழம்பைக் கக்கின. பெரும்பாலான குதிரைகளைக் கொன்றது அந்தக் குழம்பு அல்ல, புல். எரிமலை வாயுவில் இருந்த ஃபுளூரின் என்ற நச்சு சாம்பலோடு ஒட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலமெங்கும் படிந்தது. கண்ணுக்குப் புல்லாகத் தெரிந்ததை, பசித்த விலங்குகள் தின்றன. அந்தப் பகுதியின் பாதிரியாரான யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் கண்டதைக் கண்டபடியே எழுதிவைத்திருக்கிறார்: குதிரைகளின் சதை வற்றிப்போனது, சிலவற்றின் முதுகெலும்பு நெடுகத் தோல் அழுகியது, வாலையும் பிடரியையும் வெடுக்கென்று இழுத்தால் மயிர் கையோடு வந்தது, மூட்டுகளில் முடிச்சு முடிச்சாக எலும்பு புடைத்தது. தீவின் குதிரைகளில் பாதிக்கு மேல் செத்தன. ஆடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செத்தன. வண்டிச் சாலை இல்லாத நாட்டில் குதிரை போனபின் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உணவைச் சுமந்துவர வழி ஏது? தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டுபோனார்.

இதைப் படித்த பிறகுதான் நான் அங்கே போனேன். கிர்க்யுபையார்க்லோய்ஸ்துர் என்ற ஊரின் அருகே ஒரு பண்ணையில், வயதான பெண்மணி ஒருவர் தன் குதிரையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல உயர்த்தி, மஞ்சள் ஏறிய, சீராகத் தேய்ந்த பற்களை எனக்குக் காட்டினார். வாயோரத்தில் பாதி மென்ற புல் பச்சையாக ஒட்டியிருந்தது. அதன் பிடரிக்குள் விரல்களை விட்டுப் பார்த்தேன். அடியில் கம்பளிபோல அடர்ந்த மயிர், வேரோடு உறுதியாக நின்றது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இன்று நாம் காணும் ஒவ்வொரு ஐஸ்லாந்துக் குதிரையும் அன்று அந்தப் புல்லைத் தின்றும் சாகாமல் மிஞ்சியவற்றின் வழிவந்ததுதானே?

இப்போது சொல்லுங்கள், அந்தக் குதிரைக்கா காரை நிறுத்தி ரொட்டியை நீட்டப் போகிறீர்கள்? அன்பினால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒவ்வாவிட்டால் அது குடலிலேயே கிடந்து புளித்து, வாயு அடைத்து, வயிற்றுச்சூலையில் கொண்டுபோய் விடும்; அதில் செத்துப்போகும் குதிரைகள் உண்டு. நீங்கள் ஒரு துண்டுதான் கொடுப்பீர்கள். உங்களுக்கு முன்னால் வந்த காரும் ஒரு துண்டு கொடுத்திருக்கும், பின்னால் வரும் காரும் கொடுக்கும். கோடைக்காலத்தில் அந்தச் சாலையில் எத்தனை கார்கள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கேரட்டும் வேண்டாம், ஆப்பிளும் வேண்டாம், வேலிக்கு வெளியே பிடுங்கிய புல்லும் வேண்டாம். அதற்கு எதைக் கொடுக்கலாம் என்று முடிவுசெய்ய வேண்டியவர் அதை வளர்ப்பவர்.

இடம் கேட்டீர்கள். அதே ஒன்றாம் எண் சாலை, நான் சொன்ன கிர்க்யுபையார்க்லோய்ஸ்துருக்கு மேற்கே, லாக்கியின் குழம்பு உறைந்த எல்ட்ஹ்ரோய்ன் வெளியை ஊடறுத்துச் செல்கிறது. கல்லின்மேல் சாம்பல் கலந்த பச்சைப் பாசி மெத்தைபோலத் தடித்துப் படர்ந்திருக்கும். நிறுத்துவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்தி மகளோடு பாருங்கள், இந்தக் கதையைச் சொல்லுங்கள். பாசியை மிதிக்காதீர்கள், மிதித்த தடம் ஆற ஆண்டுக்கணக்காகும். சாலையைவிட்டு வண்டி இறக்குவது சட்டப்படியே குற்றம். பிளவையே பார்க்க விரும்பினால் எஃப் 206 என்ற மலைப்பாதை உண்டு. ஆனால் அதில் ஆறுகளைக் காரோடு கடக்க வேண்டியிருக்கும், நான்கு சக்கர இயக்கமுள்ள பெரிய வண்டி இல்லாமல் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

மகளை ஒரு குதிரையேற்றப் பண்ணைக்கு அழைத்துப்போய், சேணம் பூட்டுவதற்கு முன் அவளே குதிரையைத் தேய்த்துவிட அனுமதி கேளுங்கள். வேறெங்காவது குதிரையேறியபோது அணிந்த கையுறை அவளிடம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து குதிரை வர அனுமதியில்லை. வெளியே போனது திரும்பவும் முடியாது. அதனால் வெளிநோய்களை எதிர்க்கும் திறன் அவற்றுக்கு இல்லை. 2010இல் தொற்று இருமல் ஒன்று தீவு முழுவதும் பரவி, அவ்வாண்டின் தேசியக் குதிரை விழாவையே மறு ஆண்டுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. பழைய கடிவாளம், சேணம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. சவாரிக்கான உடைகளையும் கிளம்பும் முன்பே நன்றாகத் துவைத்துக் காயவையுங்கள்.