இடுப்பு மூட்டு: மாற்றுவதா, உறை போடுவதா?

கேள்வி: எனக்கு 46 வயது. இருபது ஆண்டுகளாகத் தினமும் காலையில் பேட்மிண்டன் ஆடுபவன். இடது இடுப்பு மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்டது என்றும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றும் மருத்துவர் கூறுகிறார். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி செய்துகொண்ட ‘ஹிப் ரீசர்ஃபேசிங்’ எனக்கும் பொருந்துமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பொருந்தக்கூடும். ஆனால் அதை முடிவு செய்வது உங்கள் விளையாட்டு ஆர்வமன்று, உங்கள் எலும்பு.

வழக்கமான மூட்டு மாற்றில் தொடை எலும்பின் பந்து போன்ற தலையைக் கழுத்தோடு வெட்டி எடுத்துவிட்டு, எலும்பின் உட்குழலுக்குள் உலோகத் தண்டு ஒன்றை இறக்குவார்கள். ரீசர்ஃபேசிங்கில் அந்தப் பந்தை வெட்டுவதில்லை. பல் மருத்துவர் பல்லைச் சீவி ‘கேப்’ போடுவதைப் போல, தேய்ந்த பரப்பை மட்டும் செதுக்கி அதன்மேல் உலோக உறையையும், எதிரே உள்ள குழியில் உலோகக் கிண்ணத்தையும் பொருத்துகிறார்கள். எலும்பு மிஞ்சுவதால், பின்னாளில் உறை பழுதானாலும் வழக்கமான மாற்று சிகிச்சைக்கு இடம் இருக்கும். பந்து ஏறத்தாழ இயற்கையான அளவிலேயே இருப்பதால் மூட்டு நழுவும் வாய்ப்பும் குறைவு. தரையில் சம்மணமிட்டு அமரும் நம்மவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

மர்ரி 2019 ஜனவரியில் லண்டனில் இச்சிகிச்சையைச் செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். மருத்துவக் குழுவே உடன் பயணம் செய்யும் ஒரு தொழில்முறை வீரரின் உடலை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இம்முறையின் சிக்கல் உலோகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1997இல் அறிமுகமாகிப் பரவலான வடிவத்தில் உறை, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலவையால் ஆனவை. அவை உரசும்போது வெளிப்படும் உலோகத் துகள்களும் அயனிகளும் சிலருக்குச் சுற்றியுள்ள தசையை அரித்து, கட்டி போன்ற வீக்கத்தை உண்டாக்குகின்றன. ஏ.எஸ்.ஆர். என்ற மற்றொரு வகை, பழுது மிகுந்ததால் 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பந்தின் விட்டம் சிறியதாக இருந்தால் தோல்வி அதிகம் என்பதும், அதனால் பெண்களுக்குப் பெரும்பாலும் இது ஏற்றதன்று என்பதும் அனுபவத்தில் தெளிவாயின. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உலோக ஒவ்வாமை உள்ளவர்களும், எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ரத்த ஓட்டமின்றிப் பந்தின் பெரும்பகுதி செத்துப்போயிருந்தால் உறை பற்றி நிற்க அங்கே எலும்பே இராது.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எக்ஸ்-ரேயில் உங்கள் பந்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே. 50 அல்லது அதற்கு மேல் இருந்து, எலும்பும் உறுதியாக இருந்தால் பேச்சைத் தொடரலாம். அடுத்து, இந்த அறுவையை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கூசாமல் கேளுங்கள். கிண்ணம் சற்றுச் சரிவு மாறி அமைந்தாலும் உரசல் கூடிவிடுவதால் இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அப்படிப்பட்டவர் அருகில் இல்லையென்றால், நன்கு செய்யப்பட்ட வழக்கமான மூட்டு மாற்றையே நான் தேர்ந்தெடுப்பேன். இன்றைய மேம்பட்ட பிளாஸ்டிக் கிண்ணங்கள் முன்னைவிட நெடுங்காலம் உழைக்கின்றன, இரட்டையர் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு.

ரீசர்ஃபேசிங் செய்துகொண்டால், முதல் சில மாதங்களில் தொடை எலும்பின் கழுத்து முறியும் ஆபத்து உள்ளதால், குதித்து ‘ஸ்மாஷ்’ அடிக்கும் ஆட்டத்துக்குக் குறைந்தது ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைக் குறித்த இடைவெளியில் பார்த்துவருவதை, வலியே இல்லாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள்.