திடகாத்திரம்: சில கேள்விகள்

கேள்வி: ‘திடகாத்திரமான ஆள்’ என்கிறோமே, அதில் வரும் ‘காத்திரம்’ என்ன?

பதில்: உடம்பு. வடமொழிச் சொல். வாய்ப்பாட்டைக் ‘காத்திர வீணை’ என்பார்களே, அங்கே உடம்புதான் வீணை. இலங்கைத் தமிழில் இது தனியாகவே உலவுகிறது: ‘காத்திரமான விமர்சனம்’, ‘காத்திரமான பங்களிப்பு’. உடம்பு போய், கனம் மட்டும் நிற்கிறது.

கேள்வி: ‘திடக்காத்திரம்’ என்று நடுவில் ‘க்’ வருமா?

பதில்: வராது.

கேள்வி: கட்டுமஸ்து, வாட்டசாட்டம், ஆஜானுபாகு எல்லாம் இதே பொருள்தானே?

பதில்: சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை. வாட்டசாட்டம் உயரத்தையும் உடல்வாகையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆஜானுபாகுவின் நேர்ப்பொருள், முழங்கால்வரை நீண்ட கைகள் உடையவன். இன்று நெடிய, கம்பீரமான உருவம் என்ற அளவில் வழங்குகிறது. கட்டுமஸ்து என்றதும் கண் தசைக்குப் போகும், அதனால் பெரும்பாலும் இளைஞர்களுக்கே சொல்கிறோம். திடகாத்திரத்துக்கு உயரமும் வேண்டாம், புடைத்த தசையும் வேண்டாம். உடம்பு உறுதியாக, நோய்நொடி இல்லாமல் இருந்தால் போதும். ‘எண்பது வயதிலும் திடகாத்திரமாக இருக்கிறார்’ என்று எழுதலாம். அங்கே கட்டுமஸ்து போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

கேள்வி: பெண்களுக்குச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. பழக்கத்தில் குறைவு, அவ்வளவுதான். காளைக்கும் குதிரைக்கும்கூடச் சொல்கிறோம். மனதுக்கு மட்டும் வேண்டாம். ‘திடகாத்திரமான மனம்’ என்று சிலர் எழுதுகிறார்கள், காத்திரம் உடம்பாயிற்றே! திடமான மனம் என்றாலே போதும்.

கேள்வி: அப்படியானால் ‘ஃபிட்’ வரும் இடத்திலெல்லாம் இதையே எழுதலாமா?

பதில்: முடியாது. ஃபிட் என்பது பல இடங்களில் ஏதோ ஒரு வேலைக்குப் பொருந்துவதைக் குறிக்கிறது. காயம் ஆறிய பந்துவீச்சாளர் ஃபிட் என்றால், ஆடத் தயார் என்று பொருள். நல்ல திடகாத்திரமான ஒருவர் பார்வைக் குறையால் விமானி வேலைக்குத் தேறாமல் போகலாம். அங்கே ‘உடல் தகுதி’தான் சரி.

கேள்வி: ‘உடற்தகுதி’ என்று பலர் எழுதுகிறார்களே?

பதில்: ற்-க்குப் பின் த வராது. கல் + தூண் கற்றூண் ஆவதுபோல, இது ‘உடற்றகுதி’ ஆக வேண்டும். அப்படி எழுதினால் வாசிப்பவர் தடுக்கி விழுவார். பேசாமல் பிரித்தே எழுதிவிடுங்கள். ‘உடற்பயிற்சி’க்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: எதிர்ச்சொல்?

பதில்: நோஞ்சான். ‘பூஞ்சை உடம்பு’ என்றும் உண்டு. முதலாவது கேலியாகக் கேட்கும், பார்த்துச் சொல்லுங்கள். ‘ஒல்லி’ எதிர்ச்சொல் ஆகாது. ஒல்லியானவரும் திடகாத்திரமாக இருக்கலாம்.