கல்லோடு பேசலாம்: பாறைக்குள் நைட்ரஜன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி நைட்ரஜனைப் பற்றியவை. கனிமவியல் ஆய்வகத்திலேயே காலத்தைக் கழித்தவளிடம் போய் வாயுவைப் பற்றிக் கேட்கிறார்களே என்று முதலில் தோன்றியது. படித்துப் பார்த்தால் எல்லாமே கல்லைப் பற்றிய கேள்விகள்தான்.

மேடம், காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். ஆனால் பூமியின் மேலோட்டில் ஏறத்தாழ பாதி எடை ஆக்சிஜனாக இருக்க, நைட்ரஜனைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி?
— கல்லூரி மாணவி

இரண்டு காரணங்கள். முதலாவது உங்கள் வேதியியல் புத்தகத்திலேயே இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக முப்பிணைப்பில் இறுகிக் கிடக்கிறது. அதைப் பிரிக்க மோலுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரும்போ சிலிக்கானோ பக்கத்தில் வந்து நின்றாலும் நைட்ரஜன் அசையாது. ஆக்சிஜன் அப்படியில்லை, எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மின்னலோ நுண்ணுயிரோ பாடுபட்டு அந்தப் பிணைப்பை உடைத்து, நைட்ரேட்டாகவே மாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உலோகங்களின் நைட்ரேட் உப்புகள் எல்லாமே தண்ணீரில் கரைபவை. ஒரு மழை வந்தால் போதும், கனிமம் காலி. இதுவரை ஏற்கப்பட்டுள்ள கனிம வகைகள் ஏறத்தாழ 6,000. அவற்றில் நைட்ரஜன் உள்ளவை மிகச் சிறிய பகுதிதான்.

என்னிடம் நைட்ராட்டின் துண்டு ஒன்று உண்டு. சோடியம் நைட்ரேட் கனிமம், சிலி வெடியுப்பு என்றால் பலருக்குப் புரியும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடிய புட்டியில் வைத்திருக்கிறேன். ஈரமான நாளில் வெளியே எடுத்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் விளிம்புகள் பளபளக்கும், பிறகு வியர்க்க ஆரம்பிக்கும். இந்தக் கனிமம் பெரிய படிவாகத் தங்கியிருக்கும் இடம் உலகின் மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்றான அடகாமா என்பதில் என்ன ஆச்சரியம்!

இன்னொன்று. நைட்ராட்டினும், சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டும் வேதியியலில் தூரத்து உறவுகூடக் கிடையாது. ஒன்று நைட்ரேட், மற்றது கார்பனேட். ஆனால் படிக அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. வாய்ப்புக் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். அப்போதுதான் பிளந்த கால்சைட்டின் முகத்தில் சோடியம் நைட்ரேட் கரைசல் ஒரு துளி வைத்து, நுண்ணோக்கியில் உலரவிடுங்கள். குட்டிக் குட்டிச் சாய்சதுரப் படிகங்கள் முளைக்கும், எல்லாம் ஒரே திசை பார்த்து. அதே துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும். அடியில் இருக்கும் கால்சைட்டின் அணு வரிசையைத்தான் மேலே வளரும் நைட்ரேட் பின்பற்றுகிறது. ஜெர்மன் படிகவியலாளர் ஃபிராங்கன்ஹைம் 1836-லேயே பதிவு செய்த விஷயம் இது. நான் மாணவர்களுக்குக் காட்டியவற்றில் இதற்குத்தான் அதிகம் "மறுபடி ஒரு தடவை" என்று கேட்டார்கள்.

அடகாமாவில் அவ்வளவு நைட்ரேட் எப்படி வந்தது? பறவை எச்சம்தான் காரணம் என்று படித்தேன்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

பழைய ஊகம் அது, ஐயா. கடற்பறவைகளின் எச்சம் பெருவின் தீவுகளில் மலைபோல் குவிந்திருந்ததால் அப்படி நினைத்தார்கள். பிற்பாடு அடகாமா நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களை) அளந்தபோது, ஓசோனோடு வினைபுரிந்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. ஓசோன் இருப்பது வளிமண்டலத்தில். ஆக, பெரும்பகுதி மேலே உருவாகி, தூசியோடு தூசியாக இறங்கி, கழுவ மழையில்லாமல் பல லட்சம் ஆண்டுகள் சேர்ந்தது. அதோடு அயோடேட், பெர்குளோரேட் போன்ற அபூர்வ உப்புகளும் சேர்ந்து கிடக்கின்றன. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் நைட்ரேட் வேண்டியிருந்ததால், அந்த நிலத்துக்காக 1879-ல் சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் மறுபக்கம் நின்று போரே நடந்தது. காற்றிலிருந்தே அம்மோனியா தயாரிக்கும் தொழிற்சாலை ஜெர்மனியின் ஓப்பாவில் 1913-ல் ஓடத் தொடங்கியதும், சிலியின் அந்த மவுசு சரியத் தொடங்கியது.

கரையாத பாறையில் நைட்ரஜனே இருக்காதா? கிரானைட்டில்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

இருக்கும், மாறுவேடத்தில்! நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அம்மோனியம் அயனியின் பருமன் பொட்டாசியம் அயனியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, மின்சுமையும் அதேதான். அதனால் கிரானைட்டின் கனிமங்களான மைக்காவிலும் ஃபெல்ஸ்பாரிலும் பொட்டாசியம் உட்காரும் இடத்தில் அம்மோனியம் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். கண்ணால் பார்த்தால் சாதாரண ஃபெல்ஸ்பார்தான்.

அப்படி முழுக்க அம்மோனியமே நிறைந்த ஃபெல்ஸ்பாருக்குப் பெயர் பட்டிங்டோனைட். கலிஃபோர்னியாவின் சல்ஃபர் பேங்க் பாதரசச் சுரங்கத்திலிருந்து 1964-ல் விவரிக்கப்பட்டது. படிவுப் பாறையில் புதைந்த உயிர்ப்பொருள் சிதைந்து அம்மோனியாவாக, அதைச் சுடுநீர் சுமந்து வந்து ஃபெல்ஸ்பாருக்குள் ஏற்றிவிடுகிறது. என்றைக்கோ வாழ்ந்த பாசியின் நைட்ரஜன், இன்று கல்லுக்குள்! இந்தக் கனிமம் அகச்சிவப்பில் 2.1 மைக்ரான் அருகே ஒளியை உறிஞ்சும். நெவாடாவின் கியூப்ரைட் பகுதியில் விமானத்திலிருந்தே இதை வரைபடமாக்கியிருக்கிறார்கள். சுடுநீர் ஓடிய தடத்தைக் காட்டுவதால் தாது தேடுபவர்களுக்கும் இதன்மேல் ஒரு கண் உண்டு.

எரிமலை வாய்களிலும், தானாகத் தீப்பிடித்து எரியும் நிலக்கரிப் படுகைகளிலும் படியும் நவச்சாரமும் அம்மோனியக் கனிமம்தான். ஆனால் அது மழைக்குத் தாங்காது.

வைரத்தில் நைட்ரஜன் இருந்தால் மஞ்சள் நிறம் வரும் என்கிறார்கள். அப்படியானால் வெள்ளை வைரத்தில் நைட்ரஜன் இல்லையா?
— வாசகி

இருக்கலாம், தாராளமாகவே. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் உண்டு. கார்பனின் இடத்தில் நைட்ரஜன் அணு தனியாக இருந்தால் நீல ஒளியை உறிஞ்சும். கல் அழுத்தமான மஞ்சளாகும். ஆனால் பூமிக்கு அடியில் 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும்போது, இந்த அணுக்கள் மெல்ல நகர்ந்து ஜோடி சேர்கின்றன. ஜோடி சேர்ந்தபின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை தொடுவதில்லை. இன்னும் போகப் போக, நடுவில் ஒரு காலியிடத்தோடு நான்காகக் கூடும். மூன்று அணுக்கள் கூடும் அமைப்பும் உண்டு. வெளிறிய மஞ்சளுக்குப் பெரும்பாலும் அதுதான் பொறுப்பு.

இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நைட்ரஜன் எவ்வளவு, அதில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அகச்சிவப்பு நிறமாலையில் அளந்தால், அந்த வைரம் எவ்வளவு சூட்டில் எவ்வளவு காலம் கிடந்தது என்று கணிக்க முடியும். உயர் அழுத்தத்தில் சில நாட்களில் வளர்த்தெடுக்கும் செயற்கை மஞ்சள் வைரத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். கூடிச் சேர அதற்கு ஏது நேரம்? சோதனைக் கூடங்கள் கவனிக்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லாத வைரங்களும் உண்டு. 1905-ல் தென்னாப்பிரிக்காவில் எடுத்த 3,106 காரட் கல்லினன் அந்த ரகம்.

சிறுநீரகக் கல்லில் நைட்ரஜன் உண்டா?
— மருந்தாளுநர்

சில வகைகளில் உண்டு. அவற்றில் ஒன்று ஸ்ட்ரூவைட், அதாவது மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியா தொற்றும்போது உருவாவது. இதே சேர்மம் மண்ணில் விளைந்தால் எங்கள் பட்டியலில் கனிமம், உடம்பில் விளைந்தால் உங்கள் துறை.

விண்கற்களில்?
— அதே கல்லூரி மாணவி

உங்களுக்குப் பக்கம் போதாது போலிருக்கிறது! உண்டு, அங்கே கதையே வேறு. ஆக்சிஜன் பற்றாக்குறையான சூழலில் நைட்ரஜன் உலோகத்தோடு நேரடியாகச் சேர்ந்து நைட்ரைடாகும். டைட்டேனியம் நைட்ரைடு கனிமமான ஆஸ்போர்னைட் முதலில் அடையாளம் காணப்பட்டது, 1852-ல் வட இந்தியாவில் விழுந்த பஸ்டி விண்கல்லில். பொன்னிறத் துகள்கள். வைல்டு 2 வால்நட்சத்திரத்திலிருந்து ஸ்டார்டஸ்ட் விண்கலம் கொண்டுவந்த தூசியிலும் இது கிடைத்தது. உருக்கினால் 2,900 டிகிரிக்கு மேல்தான் உருகும், தண்ணீருக்கும் அசையாது. என் புட்டியில் வியர்க்கும் நைட்ராட்டினுக்கு நேரெதிர்.