லேண்ட்லைன் பிராட்பேண்டையும் 4ஜியையும் சேர்த்தால் வீட்டு இணையம் வேகமாகுமா?

கேட்டவரின் நிலைமை இது: ஊருக்குள் இன்னும் ஃபைபர் வரவில்லை. லேண்ட்லைன் பிராட்பேண்டில் 8 எம்பிபிஎஸ், சிம் போட்ட 4ஜி ரூட்டரில் 12 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி 20 ஆக்க முடியுமா, அதற்கு எந்த ரூட்டர் வாங்க வேண்டும்?

முடியும். ஆனால் ரூட்டர் மட்டும் வாங்கினால் நீங்கள் நினைக்கிற 20 கிடைக்காது. 2020 லாக்டவுன் சமயத்தில் நானும் இதையேதான் செய்து பார்த்தேன். எங்கள் வீடு பொள்ளாச்சிக்குத் தெற்கே தோப்புக்குள் இருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 3 கிலோமீட்டர் தள்ளி. எனக்கு அலுவலக வேலை, மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, இரண்டும் ஒரே நேரத்தில். லேண்ட்லைனில் 7 எம்பிபிஎஸ், 4ஜியில் 10.

இரண்டு இணைப்புகளைச் செருகக்கூடிய ரூட்டர் ஒன்று வாங்கினேன். டூயல் வான், மல்டி வான் என்று விற்பார்கள்; வான் (WAN) என்பது வெளியிலிருந்து வரும் இணைய லைனைச் செருகும் வாய். மாட்டியதும் ஸ்பீட் டெஸ்ட் 17 காட்டியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் அலுவலகத்திலிருந்து 2 ஜிபி கோப்பு ஒன்றை இறக்கினேன். 40 நிமிடம் ஆயிற்று. கணக்குப் போட்டால் 7 எம்பிபிஎஸ்தான் வருகிறது, அதாவது லேண்ட்லைனின் வேகம் மட்டும்.

காரணம் இதுதான். இந்த ரூட்டர்கள் செய்வது லோட் பேலன்சிங், அதாவது வேலையை லைன்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது, அந்தத் தொடர்பை எந்த லைனில் அனுப்பலாம் என்று ரூட்டர் ஒருமுறை முடிவெடுக்கும். அந்தத் தொடர்பு முடியும்வரை அதே லைன்தான். நடுவில் பாதியை மற்ற லைனில் அனுப்ப முடியாது. இரண்டு லைனுக்கும் வெவ்வேறு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த லைனை அடையாளம் காட்டும் எண். அந்தப் பக்கம் இருக்கும் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். ஸ்பீட் டெஸ்ட் மட்டும் ஏன் 17 காட்டியது என்றால், அது ஒரே நேரத்தில் பல தொடர்புகளைத் திறக்கிறது, அவை இரண்டு லைனிலும் பிரிந்து போகின்றன. டவுன்லோட் மேனேஜரும் டோரண்டும் அப்படித்தான். அதனால் ஸ்பீட் டெஸ்ட்டை வைத்து இந்த விஷயத்தில் முடிவுக்கு வராதீர்கள்.

அதற்காக லோட் பேலன்சிங் வீண் என்று சொல்லவில்லை. மகளின் வகுப்பு ஒரு லைனில், என் மீட்டிங் இன்னொரு லைனில் போனது. ஒருவர் வேலை மற்றவரைத் திணறடிக்கவில்லை. ஒரு லைன் செத்தால் அடுத்தது சில நொடிகளில் ஏற்றுக்கொள்ளும். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு இது உண்மையான பலன். ஒரு தொல்லை மட்டும் வரும்: நெட் பேங்கிங்கில் உள்ளே இருக்கும்போது அடுத்த பக்கம் வேறு லைனில் போய்விட்டால், ஐபி மாறியதைப் பார்த்து வங்கித் தளம் வெளியே தள்ளிவிடும். ரூட்டர் அமைப்பில் வங்கித் தளங்கள் எப்போதும் ஒரே லைனில் போகும்படி விதி எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

சரி, ஒரே கோப்பு இரண்டு லைனிலும் பிரிந்து வர வேண்டும் என்றால்? அதற்குப் பெயர் பாண்டிங். அது ரூட்டரோடு முடிகிற வேலை இல்லை. வீட்டில் பிரிப்பவர் ஒருவர் இருந்தால், வெளியே எங்கோ சேர்ப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பத்துப் பக்கக் கடிதத்தை ஒற்றைப்படைப் பக்கங்கள் ஒருவர் கையிலும் இரட்டைப்படைப் பக்கங்கள் இன்னொருவர் கையிலும் கொடுத்தனுப்பினால், போய்ச் சேரும் இடத்தில் அடுக்கிக் கொடுக்க ஆள் வேண்டாமா, அதுபோல.

யோசனை பழையது. ஐஎஸ்டிஎன் என்ற பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பின் காலத்தில் 64 கேபிபிஎஸ் சானல்கள் இரண்டைச் சேர்த்து 128 ஆக்குவார்கள்; அதற்கான மல்டிலிங்க் பிபிபி என்ற முறை 1996இல் ஆர்எஃப்சி 1990 என்ற எண்ணுள்ள ஆவணமாக வந்தது (இணைய முறைகளை எழுதி வைக்கும் பொது ஆவணங்கள்தான் ஆர்எஃப்சி). அங்கே சேர்ப்பவர் இணைய நிறுவனமே. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனம் 2015 வாக்கில் டிஎஸ்எல்லையும் (லேண்ட்லைன் பிராட்பேண்ட்) எல்டிஇயையும் (4ஜி) ஒரே ரூட்டரில் கொடுத்து, சேர்க்கும் கருவியைத் தன் நெட்வொர்க்கிலேயே வைத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நுணுக்கம்: இரண்டையும் பாதிப் பாதியாக ஓட்டாமல், முதலில் டிஎஸ்எல்லை நிரப்பி, வழிகிறதை மட்டும் எல்டிஇக்குத் தள்ளுவார்கள். இந்த முறை 2017இல் ஆர்எஃப்சி 8157 ஆக வெளியானது. தென் கொரியாவில் கேடி நிறுவனம் 2015இல் மல்டிபாத் டிசிபி என்ற முறையை (ஒரே தொடர்பைப் பல வழிகளில் பிரித்து அனுப்புவது) வைத்து போனிலேயே எல்டிஇயையும் வைஃபையையும் சேர்த்தது.

நம் வீட்டுக்கு இணைய நிறுவனம் அப்படிச் செய்து தராவிட்டால் சேர்ப்பவரை நாமே அமர்த்திக்கொள்ளலாம். அதே மல்டிபாத் டிசிபியை வைத்து ஓடும் ஓப்பன் எம்பிடிசிபி ரூட்டர் என்ற இலவச மென்பொருளை, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் போட்டேன். மும்பையில் மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையம் வழியாக நாம் இயக்கும் வாடகை சர்வர்) எடுத்து, அதன் மறுபாதியை அங்கே நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அதே 2 ஜிபி கோப்பு 19 நிமிடத்தில் இறங்கியது, ஏறக்குறைய 14 எம்பிபிஎஸ். 17 ஏன் வரவில்லை என்றால், கொஞ்சம் ஒவ்வொரு துண்டுக்கும் உறை சுற்றி அனுப்பும் செலவு, மீதி காத்திருப்பு. லேண்ட்லைனில் ஒரு பாக்கெட், அதாவது ஒரு துண்டு, 30 மில்லிசெகண்டில் போய் வரும். 4ஜியில் காலையில் 60, இரவு எட்டு மணிக்கு 150கூட ஆகும். பின்னால் வருகிற பக்கத்துக்காக முன்னால் வந்த பக்கம் காத்திருக்கும். இரண்டு லைனின் வேகமும் தாமதமும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு நஷ்டம். ஒன்று 2 எம்பிபிஎஸ், இன்னொன்று 30 என்றால் பாண்டிங் செய்யவே வேண்டாம்.

ஸ்பீடிஃபை போன்ற கட்டண ஆப்களும் இதே வேலையைச் செய்யும்; சர்வர் அவர்களுடையது. கணினி தெரிந்தவர் வீட்டில் இல்லை என்றால் அது எளிது. எந்த வழியானாலும் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வாடகை சர்வர் வழியாக வருவதால் சில ஓடிடி தளங்கள் விபிஎன் (இருக்கும் இடத்தை மறைக்கும் இணைப்பு) என்று நினைத்து மறுக்கும். அப்புறம் டேட்டா. தினம் 2 ஜிபி என்ற திட்டத்தில் 4ஜி 12 எம்பிபிஎஸ்ஸில் முழுசாக ஓடினால் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குமேல் 64 கேபிபிஎஸ் ஆகிவிட்ட லைனைப் பாண்டிங்கில் வைத்திருந்தால் நல்ல லைனும் சேர்ந்து தவழும்.

ஆனால் எங்கள் வீட்டில் வேகத்தை உண்மையில் மாற்றியது இது எதுவும் இல்லை. மழை வந்தால் லேண்ட்லைனில் கரகரவென்று சத்தம் வரும், மோடம் அறுந்து அறுந்து சேரும். ஒருநாள் லைன்மேன் அண்ணன் வந்து சன்ஷேடுக்குக் கீழே இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே எறும்புப் புற்று. செம்புக் கம்பி முறுக்கியிருந்த இடம் பச்சை பூத்துப் போயிருந்தது. "பாருங்க சார், தண்ணி எறங்கிருக்குதுங்க. இத வச்சுக்கிட்டு எங்கீங்க வேகம் வரும்?" என்றார். இரண்டு விரற்கடை வெட்டி எறிந்து, புதுச் செம்பு தெரியச் சீவி, உள்ளே ஜெல்லி நிரம்பிய சின்னக் கனெக்டரில் வைத்து ப்ளையரால் அழுத்தினார். பத்து நிமிட வேலை. பிரவுசரில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சம் இருக்கும் பலம்) ஏறியது. இணைப்பு வேகம் 7இலிருந்து 9.5 ஆனது. அட்டனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் தேயும் அளவு, 41 டெசிபல்; அது தூரத்தால் வருவது, யாரும் குறைக்க முடியாது. லேண்ட்லைன் பிராட்பேண்டின் ஏடிஎஸ்எல்2+ முறை 24 எம்பிபிஎஸ் வரை தரும் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

4ஜிக்கும் அதேதான். ஹாலில் இருந்த ரூட்டருக்குப் பதிலாக வெளியில் மாட்டும் வகை ஒன்றை மாடியில் பிவிசி பைப்பில் கட்டினேன். நான் மேலே நின்று டவர் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, மகள் கீழே திரையைப் பார்த்து ஆர்எஸ்ஆர்பி எண்ணை (டவர் சிக்னலின் பலம்) கத்தினாள். "நூத்திப் பன்னெண்டு... நூத்தி மூணு... தொண்ணூத்தாறு! அப்பா அசையாதீங்க!" மைனஸ் கணக்கு என்பதால் எண் சிறுக்கச் சிறுக்க நல்லது. வழியில் நின்றது ஒரே ஒரு தென்னை. அதன் ஓலையைத் தாண்டி ஒரு முழம் தள்ளிக் கட்டியதும் 10 எம்பிபிஎஸ் 22 ஆயிற்று. மழையில் ஓலை நனைந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை நான் செய்ததற்குத் தலைகீழ். முதலில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அட்டனுவேஷன், எஸ்என்ஆர் மார்ஜின் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே இறங்கி இறங்கி ஆடிக்கொண்டிருந்தால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். 4ஜி ரூட்டரை மாடிக்குக் கொண்டுபோய், காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் வேகம் பாருங்கள். அதன்பிறகு டூயல் வான் ரூட்டர். எந்த லைனுக்கு எவ்வளவு பங்கு என்று ரூட்டரில் குறிக்கும் எடையை இரவு நேர வேகத்தை வைத்துப் போடுங்கள். பெரிய கோப்புகளை அடிக்கடி ஏற்றி இறக்குவதும், வீடியோ கால் நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பதும் உங்கள் வேலையாக இருந்தால் மட்டும் விபிஎஸ்ஸுக்கு வாருங்கள்.

எங்கள் வீட்டில் இன்றும் டூயல் வான் ரூட்டர்தான் ஓடுகிறது. ராஸ்பெர்ரி பையை மாதக் கடைசியில், அலுவலகத்துக்குப் பெரிய கோப்புகள் அனுப்பும் இரண்டு நாள் மட்டும் மாட்டுகிறேன்.